அம்பத்தொண்ணாம் நம்பர் பயணி: ஆக்ட் ட்ரெயினிங் முடிச்ச கையோட எடுத்த ஒரு கேஸ்

மூணு நாள் ஆக்ட் அறிமுக ட்ரெயினிங் முடிச்சிட்டு வந்த அடுத்த வாரமே நான் எடுத்த கேஸ் இது. கவுன்சலிங் ஃபீல்டுக்குப் புதுசா வர்றவங்க நெறைய பேரு, ட்ரெயினிங் போயிட்டு வந்தேன் ஸ்லைடு எல்லாம் கையில இருக்கு ஆனா ஆளு முன்னாடி உக்காந்தா எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியலன்னு சொல்றாங்க, எனக்கும் அதே நெலமதான் இருந்துச்சு, அதனால எங்க தப்பு பண்ணேன் எந்த எடத்துல விஷயம் நகர ஆரம்பிச்சுதுன்னு மறைக்காம எழுதுறேன். யாருன்னு அடையாளம் தெரியக்கூடாதுங்கிறதுக்காக ஊரு, ரூட்டு, குடும்ப விவரம் எல்லாத்தையும் மாத்தியிருக்கேன், இதே மாதிரி பிரச்சனையோட வந்த இன்னொருத்தர் சொன்ன சில விஷயங்களையும் இதுலயே சேத்திருக்கேன்.

ஆக்ட்னா அக்செப்டன்ஸ் அண்ட் கமிட்மென்ட் தெரபி, பேச்சு மூலமா பண்ற ஒரு மனநல சிகிச்சை. எழுத்தெழுத்தா ஏ-சி-டின்னு சொல்ல மாட்டாங்க, ஆக்ட்னு ஒரே வார்த்தையாத்தான் சொல்லுவாங்க, ஏன்னா கடைசியில எல்லாம் செயல்ல வந்து நிக்கணும். ஸ்டீவன் ஹேய்ஸ், கிர்க் ஸ்ட்ரோசால், கெல்லி வில்சன் மூணு பேரும் சேந்து எழுதுன முதல் பெரிய புத்தகம் 1999-ல வந்துச்சு, ஆனா வேல 1980-கள்லயே ஆரம்பிச்சாச்சு. ஹேய்ஸே, திடீர்னு கடும் பயம் வந்து அமுக்குற பேனிக் அட்டாக்கால அவதிப்பட்டவருதான். 1978-ல அவரு வேல பாத்த யுனிவர்சிட்டியில டிபார்ட்மென்ட் மீட்டிங் நடக்குது, பேசலாம்னு வாயத் தொறக்குறாரு, சத்தமே வரல, சைக்காலஜி புரொஃபசருக்கே அந்த கதின்னா பாத்துக்கோங்க. அந்த பயத்த அடக்க அடக்க அது பெருசாச்சுங்கிற அவரோட சொந்த அனுபவம் இந்த தெரபிக்குள்ள அப்படியே இருக்கு. ஆறு விஷயத்த ஒரு அறுகோணமா வரைவாங்க, ஹெக்ஸாஃப்ளெக்ஸ்னு பேரு: ஏற்பு, எண்ணத்துல இருந்து கொஞ்சம் விலகி நிக்கிறது, இந்த நிமிஷத்துல இருக்குறது, எல்லாத்தையும் பாத்துட்டிருக்குற நான், எனக்கு எது முக்கியம்ங்கிறது, அதுக்காக காலடி எடுத்து வைக்கிறது. நடுவுல மனசோட வளைஞ்சு கொடுக்குற தன்மை.

ட்ரெயினிங்ல எனக்கு மறக்காத ஒண்ணு முதல் நாள் காலையில நடந்துச்சு. ட்ரெயினர் எங்க எல்லாரையும் "புளியங்கா"ன்னு ஒரு தடவ சொல்லச் சொன்னாங்க, உப்பும் மொளகாத்தூளும் தொட்டு கடிக்கிற மாதிரி நெனச்சுக்கிட்டோம், உடனே வாயில எச்சி ஊறிருச்சு, புளியங்காயே அங்க இல்ல. அடுத்து அதே வார்த்தைய 30 விநாடி வேகவேகமா எல்லாரும் சத்தமா சொல்லச் சொன்னாங்க. பத்து விநாடியிலயே வார்த்த கொழகொழன்னு ஆயி, கடைசியில வெறும் ங்கா-ங்கா-ன்னு ஒரு சத்தம்தான் மிச்சம், புளிப்பு எங்க போச்சுன்னே தெரியல. இத 1910-கள்ல டிச்னர்ங்கிற சைக்காலஜிஸ்ட் வேற ஒரு காரணத்துக்காக எழுதி வச்சிருந்தாராம், ஆக்ட்காரங்க அத எடுத்து டிஃப்யூஷன், அதாவது எண்ணத்துல இருந்து விலகி நிக்கிற பயிற்சியா மாத்திட்டாங்க. எண்ணம்ங்கிறது எண்ணம்தான், அது சொல்ற பொருள் இல்லன்னு ஒரு மணி நேரம் லெக்சர் எடுத்தாலும் ஏறாதது அந்த 30 விநாடியில ஏறுச்சு. இவ்வளவு தெளிவா அத அனுபவிச்சிட்டு வந்தும் அடுத்த வாரம் என் ரூம்ல நான் லெக்சர்தான் எடுத்தேன், அதுதான் இந்த கேஸோட முதல் பாடம்.

வந்தவரு

50 வயசு, பஸ் டிரைவர், 22 வருஷ சர்வீஸ், நான் அவர அண்ணேன்னுதான் கூப்புடுவேன். எட்டு மாசமா ஸ்டியரிங்க தொடல. சித்திர வெயில்ல ஒரு மத்தியானம், வண்டி ஃபுல்லு, பைபாஸ்ல போயிட்டிருக்கும்போது நெஞ்சு படபடன்னு அடிச்சு, விரல் எல்லாம் மரத்து, மூச்சு முட்டி, இன்னும் ஒரு நிமிஷத்துல செத்துருவோம்னு தோணியிருக்கு. வண்டிய ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, எச்சரிக்க லைட்டையும் போட்டுட்டுத்தான் ஸ்டியரிங் மேல சாஞ்சிருக்காரு. ஈசிஜி, எக்கோ, ட்ரெட்மில், ரத்த டெஸ்ட் எதுலயும் ஒண்ணும் இல்ல. "எல்லாம் நார்மல், டென்ஷன் ஆகாதீங்க"ன்னு அனுப்பிட்டாங்க. நார்மல்னா ஏன் இப்படி வருதுன்னு யாரும் அவருக்கு சொல்லல, அதனால இன்னும் ரெண்டு ஆஸ்பத்திரியில அதே டெஸ்ட்ட மறுபடி எடுத்திருக்காரு.

அவரோட அப்பா லாரி டிரைவர். 51 வயசுல நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரி கொண்டுபோற வழியிலயே போயிட்டாரு, அப்ப இவருக்கு 19. இத முதல் செஷன்ல மூணு தடவ சொன்னாரு, மூணு தடவையும் ஒரே வார்த்தைகள்ல, ஒரே எடத்துல நிறுத்தி.

சைக்கியாட்ரிஸ்ட் பேனிக் டிஸ்ஆர்டர், கூடவே அகோராஃபோபியா (தப்பிக்க முடியாதோன்னு கூட்டத்துக்கும் வெளிய போறதுக்கும் பயப்படுறது)ன்னு டயக்னோஸ் பண்ணி, பதட்டத்துக்கான எஸ்சிட்டலோப்ராம் 10 மில்லிகிராம் போட்டு, முன்னாடி வேற எடத்துல கொடுத்த க்ளோனசிபாம்ங்கிற பதட்டத்த உடனே அடக்குற மாத்திரைய மெல்ல கொறச்சிட்டு இருந்தாரு. மாத்திர விஷயம் முழுக்க அவரு கையில, நான் அதுல வாயே தொறக்கல. மறுபடி வண்டி ஓட்டத் தகுதி இருக்கா இல்லையாங்கிற முடிவும் அவரும் மெடிக்கல் போர்டும் எடுக்குறது. பின்னாடி 60 பேரு உக்காந்திருக்குற வண்டி அது, கவுன்சலர் ஆசைப்பட்டு முடிவு பண்ற விஷயமே இல்ல.

பயத்த சமாளிக்க அவரு செஞ்சுட்டிருந்தது ஒரு முழுநேர வேல. ஒரு நாளைக்கு பத்து பன்னெண்டு தடவ பிபி பாக்குறது, சட்டப்பையில நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திர, ஓம வாட்டர் பாட்டில், ராத்திரி வெறும் இட்லி, தனியா எங்கயும் போறதில்ல, கல்யாணத்துக்குப் போனா வாசல் பக்கத்து நாற்காலி, பஸ்ஸுன்னா சத்தம் கேட்டாலே உள்ள போயிடுறது. கையில ரெண்டு கயிறு, ஒண்ணு குலதெய்வக் கோயில்ல கட்டுனது, இன்னொண்ணு தர்காவுல மந்திரிச்சது.

அந்த கயிறு விஷயத்துல ஒண்ணு சொல்லணும். ட்ரெயினிங்ல கூட உக்காந்திருந்த ஒருத்தங்க, இந்த மாதிரி கயிறு எல்லாமே பயத்துல இருந்து தப்பிக்கப் பாக்குற தவிர்த்தல்தான, கழட்டச் சொல்லணுமான்னு கேட்டாங்க. ஆக்ட் பார்வையில கேள்வி அது என்னங்கிறது இல்ல, அது எதுக்காகங்கிறதுதான். இவரு அட்டாக் வர்றதுக்கு முன்னாடியும் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போனவருதான், டூட்டி முடிஞ்சு குளிச்சிட்டு சம்சாரத்தோட நடந்து போயி, திரும்புறப்ப ரோட்டுக்கட பால்கோவா வாங்கிட்டு வருவாராம். இப்ப அதே கோயிலுக்கு ஆட்டோவுல போயி, அஞ்சு நிமிஷத்துல கும்புட்டுட்டு, பல்ஸ பாத்துக்கிட்டே திரும்புறாரு. கோயில் ஒண்ணுதான், சாமி ஒண்ணுதான், போற காரணம் மாறிப்போச்சு. கயித்த நான் தொடவே இல்ல, பால்கோவாவப் பத்தித்தான் பின்னாடி பேசுனோம்.

ரெண்டாவது செஷன்ல நான் பண்ண தப்பு

ஒரு வெள்ளத்தாள்ல அறுகோணம் வரைஞ்சு, ஆறு மூலையிலயும் பேரு எழுதி, ஒவ்வொண்ணா வெளக்குனேன். இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கும். அண்ணன் மரியாதையா தலையாட்டிக்கிட்டே இருந்தாரு. முடிச்சுட்டு, உங்களுக்கு என்ன தோணுதுண்ணேன்னு கேட்டேன்.

"ஏத்துக்கணும்னா... இப்புடியே கெடந்து சாகச் சொல்றீங்களா மேடம்?"

கோவமா கேக்கல, நெசமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டாரு. வெளிய உக்காந்திருந்த அவரு சம்சாரம் போகும்போது என்கிட்ட, "விதின்னு நெனச்சுக்கோன்னுதான் எங்கம்மாவும் சொல்றாங்க, அதக் கேக்கவா மேடம் ரெண்டு பஸ்ஸு மாறி வந்தோம்"னு சொல்லிட்டுப் போனாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

யோசிச்சுப் பாத்தா அவங்க சொன்னதுதான் சரி. இங்கிலீஷ்ல அக்செப்டன்ஸ்ங்கிற வார்த்தைக்குப் பின்னால கொடுக்குறத வாங்கிக்கிறதுங்கிற பழைய லத்தீன் அர்த்தம் ஒண்ணு இருக்கு, ட்ரெயினர்ங்க அத ரொம்ப அழகா சொல்லுவாங்க. நம்ம ஊர்ல "ஏத்துக்கோ"ங்கிற வார்த்தைய யாரு யாருகிட்ட எப்ப சொல்றாங்கன்னு பாருங்க. புருஷன் குடிச்சிட்டு வந்தா மகள்கிட்ட சொல்லுவாங்க. சம்பளத்த பிடிச்சா வேலக்காரன்கிட்ட சொல்லுவாங்க. மேல இருக்குறவங்க கீழ இருக்குறவங்களுக்கு சொல்ற வார்த்தையா அது ஆயிப்போச்சு, சகிச்சுக்கோ, வாய மூடிக்கோ, விட்டுக்கொடு, இதுதான் காதுல விழும். ஆக்ட்ல ஏத்துக்கிறதுங்கிறது உள்ள வர்ற பயம், வலி, நெனப்பு, படபடப்பு இதுங்களோட சண்ட போடாம இருக்குறது மட்டும்தான். வெளிய நடக்குற அநியாயத்த ஏத்துக்கிறது ஆக்ட்ல கெடையவே கெடையாது, அடி வாங்குற பொண்ணுகிட்ட ஏத்துக்கோன்னு சொல்ற தெரபிஸ்ட் ஆக்ட் பண்ணல, அந்த வீட்டோட இன்னொரு மாமியாரா ஆயிடுறாங்க. அந்த பொண்ணு வீட்ட விட்டு வெளிய வர்றப்ப கூடவே வர்ற பயத்துக்கு எடம் கொடுத்துக்கிட்டே வெளிய வர்றாளே, அதுதான் ஆக்ட் சொல்ற ஏற்பு. இத ட்ரெயினிங்லயே முதல் நாள் முதல் மணி நேரத்துல சொல்லிடணும்னு நான் நெனைக்கிறேன், அதுவும் தமிழ்ல வேல பாக்கப்போறவங்களுக்கு.

சூப்பர்விஷன்ல, அதாவது அனுபவசாலி ஒருத்தர்கிட்ட கேஸப் பத்தி பேசுற எடத்துல, இத சொன்னப்ப எனக்குக் கெடச்ச ஒரே கேள்வி, அந்த அம்பது நிமிஷத்துல நீ எத்தன நிமிஷம் பேசுன, அவரு எத்தன நிமிஷம் பேசுனாருங்கிறதுதான். வேற எதுவும் சொல்லல, தேவையும் படல.

நோட்டு

மூணாவது செஷனுக்கு பேப்பரே எடுத்துட்டுப் போகல. மொதல்ல போன வாரத்துக்கு மன்னிப்பு கேட்டேன். அப்புறம், இந்த பயத்த வெரட்ட இதுவரைக்கும் என்னென்ன செஞ்சீங்க, எது எவ்வளவு நேரம் கேட்டுச்சு, அதுக்கு நீங்க என்ன வெல கொடுத்தீங்கன்னு மட்டும் கேட்டேன். ஆக்ட்ல இதுக்கு கிரியேட்டிவ் ஹோப்லஸ்னஸ்னு பேரு, தமிழ்ல நம்பிக்கையின்மைன்னு போட்டா பயமா இருக்கும், ஆனா நம்பிக்க போறது ஆளு மேல இல்ல, இத்தன நாளா பிடிச்சுட்டிருந்த வழி மேல.

அண்ணன் சட்டப்பையில இருந்து ஒரு நோட்டு எடுத்தாரு. நீளவாக்குல இருக்குற பழைய கணக்கு நோட்டு, ஓரமெல்லாம் வேர்வ பட்டு மடங்கியிருந்துச்சு. தேதி, மணி, மேல் பிபி, கீழ் பிபி, பல்ஸ்னு ஸ்கேல் வச்சு கோடு போட்டு எழுதியிருந்தாரு, ட்ரிப் ஷீட் எழுதி எழுதிப் பழகுன கை, ஒரு அடிச்சல் திருத்தல் கெடையாது. நடுவுல சில நம்பருக்கு மட்டும் செவப்பு மையில வட்டம். இது ரெண்டாவது நோட்டு மேடம், முதல் நோட்டு முடிஞ்சுருச்சுன்னாரு. நான் ஒவ்வொரு பக்கமா மெதுவா பொரட்டிட்டு, அண்ணே, இவ்வளவு எழுதியிருக்கீங்க, எந்த நம்பரப் பாத்துட்டு உங்களுக்கு நிம்மதியாச்சு, அத மட்டும் காட்டுங்களேன்னு கேட்டேன்.

தேடுனாரு. நெசமாவே தேடுனாரு, ரெண்டு மூணு நிமிஷம் ஆகியிருக்கும். அப்புறம் நோட்ட மூடி மடியில வச்சுக்கிட்டு, "பாத்த ஒடனே ஒரு கால்மணி நேரம் இருக்கும் மேடம், அப்புறம் மறுபடி பாக்கணும்போல வந்துரும்"னாரு.

மருந்து குடிக்கிறப்ப கொரங்க நெனைக்காதன்னு சொல்லுவாங்களே, கேள்விப்பட்டிருக்கீங்களான்னு கேட்டேன். மொதல் தடவையா சிரிச்சாரு. அவரு பாட்டி சொல்லுமாம். "அப்ப நான் எட்டு மாசமா கொரங்க நெனைக்காம இருக்கத்தான் பாத்துட்டு இருந்திருக்கேன்"னு அவரே சொன்னாரு. நான் ஒரு வார்த்த சேக்கல.

பஸ்ஸு

ஆக்ட் அறிமுகம்னாலே பஸ் பயணிகள் உதாரணம் வந்துரும். நீங்க டிரைவர், எண்ணங்களும் பயங்களும் பின்னாடி உக்காந்திருக்குற முரட்டுப் பயணிங்க, அங்க திருப்பு இங்க திருப்புன்னு மெரட்டுவாங்க, அவங்ககிட்ட சண்ட போட வண்டிய நிறுத்துனா பயணம் நின்னுபோகும், அவங்க பேச்சக் கேட்டா வண்டி அவங்க சொன்ன எடத்துக்குப் போகும். எனக்கு எதுக்கெடுத்தாலும் கை இந்த உதாரணத்துக்குத்தான் போகும், இவரு டிரைவராவே இருக்காரேன்னு ஆசையா ஆரம்பிச்சேன். பாதியிலயே தடுத்துட்டாரு.

"மேடம், ஏறுனவன எறக்கிவிடத் தெரியாதவனெல்லாம் டிரைவரா? கண்டக்டர் எதுக்கு இருக்காரு? ரொம்ப போனா நேரா ஸ்டேஷன்ல கொண்டுபோய் விட்டுருவோம்."

ட்ரெயினிங்ல எழுதுன நோட்டுல இதுக்கு பதில் இல்ல. அதனால, சரிண்ணே, அப்ப நெசமா ஒரு குடிகாரன் ஏறி சத்தம் போட்டா நீங்க என்ன செய்வீங்க சொல்லுங்கன்னு கேட்டுட்டு சும்மா இருந்தேன். அவரு பத்து நிமிஷம் பேசுனாரு. சின்ன வயசுல சர்வீஸுக்கு வந்த புதுசுல வண்டிய நிறுத்தி எறங்கி சண்ட போடுவாராம், அவன் இன்னும் ஜாஸ்தி ஆடுவானாம், வண்டி லேட்டாகும், வேலைக்குப் போற பொம்பளைங்க திட்டுவாங்க, கடைசியில அவன் அதே வண்டியிலதான் வருவான். அனுபவம் வந்தப்புறம் அவரு திரும்பியே பாக்க மாட்டாராம். "கத்துறது காதுல விழும் மேடம், விழாம இருக்குமா, ஆனா கண்ணு ரோட்டுல இருக்கும். டிரைவர்கிட்ட பேசக்கூடாதுன்னுதான் வண்டியில எழுதி வச்சிருக்கான், டிரைவர் காதுல விழாதுன்னு எழுதல"ன்னாரு.

சொல்லிட்டு அவரே நிறுத்திட்டாரு. ரூம்ல ஃபேன் சத்தம் மட்டும்தான். கொஞ்ச நேரம் கழிச்சு, "இப்ப எவன் மேடம் பின்னாடி கத்திட்டு இருக்கான்?"னு கேட்டாரு. நீங்களே சொல்லுங்கண்ணேன்னேன். "எங்கப்பன் வயசு. அம்பத்தொண்ணு. நீயும் போயிருவ, நீயும் போயிருவன்னு அவன்தான் கத்துறான்." அன்னையில இருந்து அந்த எண்ணத்துக்கு எங்க ரெண்டு பேருக்குள்ளயும் அம்பத்தொண்ணுன்னே பேராச்சு. அடுத்த வாரம் உள்ள வரும்போதே, "இன்னைக்கு அம்பத்தொண்ணு காலையிலயே ஏறிட்டாரு மேடம்"னு சொல்லிட்டுத்தான் உக்காந்தாரு. டிஃப்யூஷன்னா என்னன்னு கேட்டா நான் இப்பல்லாம் அந்த ஒரு வரியத்தான் சொல்றேன். எண்ணம் போகல, கத்துறத நிறுத்தல, ஆனா அவருக்கும் அதுக்கும் நடுவுல ஒரு பஸ்ஸு நீளம் தூரம் வந்துருச்சு.

ஏற்புங்கிற வார்த்தைக்கும் அன்னைக்கே வேற சொல்லு கெடச்சுது. கூட்டமான வண்டியில, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, எடம் விடுங்கன்னு சொல்லுவோமே, பிடிக்காத ஆளா இருந்தாலும் எடம் விடுவோம், அதுக்காக அவங்கள வீட்டுக்கா கூட்டிட்டுப் போறோம்? பயத்துக்கு எடம் விடுறது. அவரு சம்சாரத்துக்கும் இத சொன்னப்ப, விதின்னு நெனைக்கிறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் புரியுதுன்னாங்க.

எல்லாமே இப்படி நல்லாப் போகல. ஓடையில மெதக்குற எலை மேல எண்ணங்கள வைக்கிற பயிற்சி ட்ரெயினிங்ல எனக்கு ரொம்ப பிடிச்சது, இவருக்கு கண்ண மூடச் சொன்னதும் முப்பது விநாடியில வேர்த்து ஊத்திருச்சு, கண்ண மூடுனா நெஞ்சுத்துடிப்பு மட்டும்தான் கேக்குதுன்னாரு. உடனே நிறுத்திட்டு, கண்ணத் தொறந்து, ரெண்டு பாதத்தையும் தரையில அழுத்தி, ரூம்ல என்னென்ன இருக்குன்னு சொல்லச் சொன்னேன். அப்புறம் வீட்டுப் பயிற்சியா எலைக்கு பதிலா பஸ் ஸ்டாண்ட் கொடுத்தேன்: சாயங்காலம் சம்சாரத்தோட போயி பெஞ்சுல உக்காந்து, வர்ற வண்டி போற வண்டியோட போர்டப் படிக்கிறது, மனசுல வர்ற நெனப்பையும் அதே மாதிரி ஒரு போர்டாப் படிக்கிறது. "நெஞ்சு அடிக்குதுங்குற போர்டு. மானம் போகப்போகுதுங்குற போர்டு." படிக்கலாம், ஏறணும்னு இல்ல. எட்டு மாசம் பஸ் சத்தத்துக்கே பயந்தவருக்கு பஸ் ஸ்டாண்ட்ல உக்கார்றதே பெரிய எக்ஸ்போஷர், அதாவது பயப்படுற விஷயத்த நேரா சந்திக்கிற பயிற்சிங்கிறது வேற விஷயம்.

கடைசி வண்டி

மதிப்பு, அதாவது வாழ்க்கையில எது முக்கியம்ங்கிறது பத்தி கேட்டப்ப மொதல்ல வந்த பதில், பயம் இல்லாம இருக்கணும், படபடப்பு வரக்கூடாது. செத்தவங்களால நம்மள விட நல்லா செய்ய முடியிற எதுவும் குறிக்கோள் ஆகாதுன்னு பிஹேவியர் தெரபியில ஒரு பழைய சோதன இருக்கு. பொணத்துக்கு பயமும் இல்ல படபடப்பும் இல்ல. இத அப்பா எறந்த கதையோட வந்தவருகிட்ட இப்படியே சொல்ல முடியாது, அதனால வேற மாதிரி கேட்டேன். 22 வருஷத்துல, டிரைவரா இருக்குறதுல பெருமையா இருந்த ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லுங்க.

அவரு ஒரு நாள சொல்லல, தெனமும் நடந்தத சொன்னாரு. ராத்திரி 9.40 கடைசி வண்டி. ஜவுளிக்கட வேல முடிஞ்சு வர்ற பொண்ணுங்க, ஆஸ்பத்திரி ஆயாம்மா, டியூஷன் முடிச்ச பையன், எல்லாரும் இவரு வண்டிய நம்பித்தான் நிப்பாங்க. ஒரு பொண்ணு தெனமும் ஓடி வருமாம், ரெண்டு நிமிஷம் ஏதாச்சும் பண்ணிக்கிட்டு நிப்பாராம், கண்ணாடியத் தொடைக்கிறது, டயர எட்டிப் பாக்குறது. ஸ்டாப் இல்லாத எடத்துலயும் தெரு லைட்டுக்கு கீழ நிறுத்தி, அது வீட்டு கேட்டத் தொறக்குறத பாத்துட்டுத்தான் கியரப் போடுவாராம். இத சொல்லும்போது அவரு கை தன்னால கியர் போடுற எடத்துக்குப் போச்சு. அவருக்கே தெரியாம கண்ணு கலங்கியிருந்துச்சு, எனக்கும்தான்.

நாளைக்கே அந்த வண்டிய எடுக்கணும்னு இல்ல. நம்பி நிக்கிறவங்களுக்கு நிக்கிற ஆளா இந்த வாரம் என்ன செய்ய முடியும்னு கேட்டோம். மகள சாயங்காலம் டைப்பிங் கிளாஸ்ல இருந்து டூவீலர்ல கூட்டிட்டு வர்றேன்னாரு. நாலு கிலோமீட்டர், பிபி மெஷின் வீட்டுல. அது முதல் அடி. அப்புறம் டிப்போவுல நிக்கிற வண்டியில ஏறி டிரைவர் சீட்ல உக்காந்து எறங்குறது, பயணியா ரெண்டு ஸ்டாப், அப்புறம் பைபாஸ் வரைக்கும். கார்டியாலஜி ரிப்போர்ட்டும் சைக்கியாட்ரிஸ்ட் சம்மதமும் கையில இருந்ததால ரூம்லயே உடம்புப் பயிற்சியும் பண்ணோம்: வேகமா மூச்சு விடுறது, மாடிப்படி ஏறி எறங்குறது. வேகமா மூச்சு விட்டா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு கொறையும், விரல் மரக்கும், தல கிறுகிறுக்கும், ஹார்ட்டுக்கு ஒண்ணுமே ஆகாமலே. பைபாஸ்ல வந்த அதே விரல் மரப்பு என் ரூம்ல நாற்காலியில உக்காந்து மூச்சு விட்டே வந்தப்ப, விரல திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

இங்க ஒரு விஷயத்துல நேர்மையா இருக்கணும். பேனிக்குக்கு எக்ஸ்போஷரோட சேந்த சிபிடிதான் (காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி, எண்ணத்தையும் நடத்தையையும் மாத்துற பேச்சு சிகிச்சை) ரொம்ப நாளா நிரூபிச்ச வழி. 2012-ல அமெரிக்காவுல 128 பேருக்கு, பலவகை ஆங்சைட்டி பிரச்சனை இருக்குறவங்களுக்கு, சிபிடியையும் ஆக்டையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வு வந்துச்சு, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு உதவுச்சு. அதனால சிபிடிய விட ஆக்ட் ஒசத்தின்னு ட்ரெயினிங் முடிச்ச வேகத்துல பேசக்கூடாது. நோக்கத்துலதான் வித்தியாசம், பயம் கொறையுதான்னு அளக்காம, பயம் இருக்கும்போதே ஆளு எத்தன விஷயம் செய்ய முடியுதுன்னு ஆக்ட் பாக்கும். 2002-ல பேக்கும் ஹேய்ஸும் சைக்கோசிஸ்னால, அதாவது இல்லாத குரல் கேக்குறது மாதிரியான மனநோயால ஆஸ்பத்திரியில இருந்த 80 பேர வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோட நாலே செஷன் ஆக்ட். அடுத்த நாலு மாசத்துல மறுபடி அட்மிட் ஆனவங்க வழக்கமான சிகிச்சை மட்டும் கெடச்ச பக்கம் 40 சதவீதம், ஆக்ட் பக்கம் 20. ஆனா ஆக்ட் கெடச்சவங்கதான் குரல் கேக்குது, சந்தேகம் வருதுன்னு ஜாஸ்தி ஒத்துக்கிட்டாங்க. ஒத்துக்கிட்டாங்க, அத நம்புறது கொறஞ்சிருந்துச்சு. எனக்கு இந்த ஆய்வு ரொம்ப முக்கியம், ஏன்னா அம்பத்தொண்ணு ஏறிட்டாருன்னு அண்ணன் சிரிச்சிட்டே சொல்றதும் இதேதான்.

ஏழாவது வாரம் சறுக்குச்சு. பயணியா பைபாஸ் வரைக்கும் போன நாள்ல நடுவழியில முழுசா அட்டாக் வந்து, வழியிலயே எறங்கிட்டாரு. ஒரு வேப்பமரத்தடி, டீக்கட கூட இல்ல. இருவது நிமிஷம் உக்காந்திருந்திருக்காரு, பாதத்த தரையில அழுத்திக்கிட்டு. அப்புறம் வந்த அடுத்த வண்டியில ஏறியிருக்காரு. எந்தப் பக்கம் போற வண்டிண்ணேன்னு கேட்டேன். பைபாஸ் பக்கம்தான் மேடம், வீட்டுப் பக்கம் போற வண்டி எதிர்ல நின்னுச்சு, அதுல ஏறலன்னாரு. அட்டாக் எத்தன தடவ வந்துச்சுன்னு மட்டும் எண்ணியிருந்தா அந்த வாரம் தோல்வின்னு எழுதியிருப்பேன்.

அறுகோணத்துல பாக்குற நான்ங்கிற மூலைய நான் சரியா தொடல, ஒரு தடவ முயற்சி பண்ணி தத்துவமா ஆயிருச்சு, விட்டுட்டேன். ஏஏக்யூ-2ன்னு ஏழு கேள்வி இருக்குற ஒரு அளவுகோல் உண்டு, 7-ல இருந்து 49 வரைக்கும் மார்க், ஜாஸ்தியானா வளைஞ்சு கொடுக்குறது கம்மின்னு அர்த்தம். அது தவிர்த்தல அளக்குதா இல்ல வெறும் மனக்கஷ்டத்த அளக்குதான்னு ஆய்வாளர்களுக்குள்ளயே சண்ட இருக்கு, நானா வாய்ல தமிழ்ப்படுத்திக் கேட்டதுக்கு மார்க் போடவும் மனசு வரல. அவரு வாரத்துல எத்தன நாள் வெளிய போனாரு, யாருக்காகப் போனாருங்கிறதத்தான் குறிச்சேன்.

நாலு மாசத்துல 11 செஷன். க்ளோனசிபாம டாக்டர் முழுசா நிறுத்திட்டாரு, எஸ்சிட்டலோப்ராம் ஓடுது, அதனால எவ்வளவு மாத்திரையால எவ்வளவு இந்த பேச்சாலன்னு என்னால பிரிக்க முடியாது. தகுதிச் சான்றிதழ் கெடச்சு மொதல்ல டிப்போவுக்குள்ள வண்டி எடுத்து விடுற வேல, அப்புறம் கூட இன்னொரு டிரைவரோட பகல் ட்ரிப். மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ இப்பவும் படபடப்பு வருது, மறுபடி வண்டி எடுத்ததுக்கப்புறம் வீட்டுல இருக்குறப்பதான் வந்திருக்கு, வண்டியில வந்தா ஓரங்கட்டி நிறுத்தி அடுத்த டிரைவர்கிட்ட கொடுக்கணும்னு டாக்டரோட சேந்து முன்கூட்டியே பேசி வச்சிருக்கோம். வெள்ளிக்கெழம நடந்து போறாங்க, பால்கோவா வாங்குறாங்க, கயிறு கையிலயே இருக்கு.

மூணு நாள் ட்ரெயினிங் சர்டிபிகேட்ட வச்சுக்கிட்டு சர்டிஃபைட் ஆக்ட் தெரபிஸ்ட்னு போர்டு போடுறவங்களப் பாக்கும்போது எனக்கு வருத்தமாவே இருக்கு. 2005-ல ஆரம்பிச்ச ஏசிபிஎஸ் (அசோசியேஷன் ஃபார் கான்டெக்ஸ்சுவல் பிஹேவியரல் சயின்ஸ்)ங்கிற, ஆக்ட்காரங்களோட சர்வதேச அமைப்பே தெரபிஸ்டுகளுக்கு ஆக்ட் சர்டிஃபிகேஷன் கொடுக்குறதில்ல, ட்ரெயினர்கள மட்டும்தான் சக ஆளுங்க மதிப்பீடு செஞ்சு அங்கீகரிக்குது. அறிமுக ட்ரெயினிங் எனக்குக் கொடுத்தது ஒரு ருசி. அதுக்கப்புறம் கத்துக்கிட்டதெல்லாம் சூப்பர்விஷன்லயும் அந்த அண்ணன்கிட்டயும்தான். போகப்போறவங்க மூணு நாளையும் குறிப்பு எடுக்குறதுல செலவழிக்காதீங்க, புளியங்கா சொல்லச் சொன்னா வாய்விட்டு சொல்லுங்க, ஜோடியா உக்கார வச்சா உங்க சொந்த பயத்தையே எடுத்துப் போடுங்க, அங்க ஒதுங்கி உக்காந்தவங்க க்ளையன்ட் முன்னாடி அறுகோணம்தான் வரைவாங்க.

ஒரு மாசம் கழிச்சு ஃபாலோ-அப்புக்கு வந்தப்ப அந்த கணக்கு நோட்டையும் கொண்டுவந்திருந்தாரு. பிபி பக்கங்கள் பாதியில நின்னுபோச்சு. பின்னாடி இருந்து திருப்பி, ட்ரிப் நம்பரும் எத்தன டிக்கெட்டும் எழுத ஆரம்பிச்சிருக்காரு, அதே ஸ்கேல் கோடு. கடைசி வண்டி இன்னும் அவருக்கு வரல, கேட்டிருக்காரு. அம்பத்தொண்ணு எப்படி இருக்காருண்ணேன்னு கேட்டேன். "அவரு மாசப் பாஸ் எடுத்துட்டாரு மேடம்"னாரு.

வர்ற ஆவணியில அவருக்கு 51 ஆகுது. அதுக்கு முந்தின ஆடியில ஒரு செஷன்னு ரெண்டு பேரும் இப்பவே டைரியில குறிச்சு வச்சிருக்கோம்.